ஒப்பமானதோ, கரடானதோ?

வேலி, எல்லை, எல்லைக்கல் என்னுஞ் சொற்களை யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்கவேண்டியதில்லை. கதியால் ஒரு சாண் நகர்ந்தமைக்காக மூன்று தலைமுறை வழக்காடிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வளவின் நடுவே நிற்பது மாவா பலாவா என்பதைக் காட்டிலும், அதன் ஓரத்தில் என்ன நிகழ்கின்றது என்பதே பெரிது என்ற ஞானம் நமக்குப் பிறவியிலேயே வாய்த்தது போலும். ஆதலின், 'உமது தொழிலைப் பற்றி மாணவர்க்கு விளங்குமாறு ஒரு கட்டுரை தருக' என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, எல்லை நிபந்தனைகள் என்னும் பொருளையே எடுத்துக்கொண்டேன். அறியாத பொருளை அறிந்த சொல்லிலிருந்து தொடங்குவது எழுதுவோனுக்கும் வாசிப்போர்க்கும் எளிதன்றோ!

என் தொழில் இது: மனித உடலின் மென்னிழையங்களாகிய தோல், கொழுப்பு, தசை முதலியன அமுக்கப்படும்போது உள்ளே எவ்வாறு உருமாறுகின்றன என்பதைக் கணினியிற் கணித்தறிதல். வட இங்கிலாந்திலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதனையே செய்துவருகிறேன். 'அது வைத்தியமா, பொறியியலா?' என்று ஊருக்கு வரும்போதெல்லாம் பெரியோர் வினவுவர். நமது கல்லூரியின் உயர்தர வகுப்பிற் கற்ற பிரயோக கணிதமே அதில் முக்காற்பங்கு என்று சொன்னால் அவர்கள் நம்புவதில்லை. ஆயினும் உண்மை அதுவே.

அந்தக் கணிதத்தை நாங்கள் கற்றது 1990களின் முற்பகுதியில். குடாநாட்டில் மின்சாரம் அற்றிருந்த காலத்தில். ஜாம் போத்தலில் திரியிட்டு, மண்ணெண்ணெயைத் துளித்துளியாகச் சிக்கனஞ்செய்த விளக்கொளியில். கணக்குகள் யாவும் ஒரேவிதமாகத் தொடங்கும். ஒப்பமான கிடைமேசை மீது ஒரு துணிக்கை; ஒப்பமான கப்பியின் மேலாகச் செல்லும் இலேசான, நீளா இழை; கரடான சாய்தளத்தின் மீது ஒரு குற்றி. எங்கள் ஆசிரியர் 'ஒப்பமான', 'கரடான' என்னுஞ் சொற்களின்கீழ் இருமுறை கோடிடுமாறு பணிப்பார். கோடிடாது கணக்கைத் தொடங்கியவனின் விடை சரியாயிருந்தாலும் அவரிடத்தில் முழுப்புள்ளி கிடையாது. அது வெறுங் கண்டிப்பென்று நாங்கள் அன்று எண்ணினோம். கணக்கின் முழு விதியும் அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கியிருந்தது. அதனை வினாத்தாள் தயாரித்தவர் நமக்கு இலவசமாகத் தந்துவிட்டார். வெளியுலகிலோ அந்தச் சொல்லை எழுதித் தருவார் ஒருவருமிலர். ஒப்பமானதோ கரடானதோ என்பதை நாமே சென்று பார்த்தறிதல் வேண்டும்.

இனி முறையைச் சிறிது சொல்வேன். ஒரு பொருளை எண்ணற்ற சிறு துண்டுகளாகக் கற்பனையிற் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எளிய சமன்பாடுகளை எழுதி, அவற்றைத் துண்டுகளின் மூலைகளாகிய கணுக்களில் ஒன்றோடொன்று பிணைத்து, யாவற்றையும் ஒருங்கே தீர்த்தல் முடிவுள் மூலக முறை எனப்படும். கணித அறிஞர் குரான்ற் 1943இல் இதன் கருவை வெளியிட்டார். போயிங் விமானத் தொழிலகத்தைச் சார்ந்த ஆய்வின் பயனாக ரேணர், கிளவ், மாட்டின், ரொப் என்னும் நால்வர் 1956இல் விமானச் சிறகு போன்ற அமைப்புகளுக்கு இதனைப் பயன்படுத்திக் காட்டினர். பெயரிட்டவர் கிளவ், ஆண்டு 1960. ஆக, இம்முறை உலோகத்துக்கென்று பிறந்தது. உலோகம் மிகச் சிறிதளவே வளையும். அதன் ஓரம் எங்குளதென்பதில் ஐயமில்லை. அங்கே ஆணி இருக்கும், அல்லது வெறுங்காற்று இருக்கும். மனித உடலோ அவ்வாறன்று. தசை எங்கே முடிகிறது? கொழுப்பு எங்கே தொடங்குகிறது? தொடையை இடுப்பிலிருந்து பிரிக்கும் கோடு எந்தப் படத்தில் உளது? நாமே ஓரிடத்தில் வெட்டி, 'இதுவே எல்லை' என்று கதியால் நடுகிறோம்.

நட்ட பின்னர், அவ்வெல்லையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு திசைக்கும் கணினி ஒரு வினா எழுப்பும்: இங்கே உமக்குத் தெரிந்தது பெயர்ச்சியா, விசையா? இரண்டில் ஒன்றைச் சொல்லலாம். ஒரே திசைக்கு இரண்டையுஞ் சொல்லுதல் ஆகாது. ஒன்றுஞ் சொல்லாதுவிட்டால் என்ன என்று மாணவர் கேட்பர். இங்கேதான் சூட்சுமம் உண்டு. நாம் வாய்திறவாத முகத்தை 'விசையற்றது' என்று கணினி எடுத்துக்கொள்ளும். மௌனமும் ஒரு நிபந்தனையே! எல்லா முகங்களிலும் மௌனம் சாதித்தால், பொருள் வெளியில் மிதக்கத் தொடங்கும், சமன்பாடுகளுக்குத் தனித்த தீர்வு இராது, கணினி கைவிரித்துவிடும். கைவிரித்தால் நல்லது. ஓரிரு முகங்களில் மட்டும் தவறான நிபந்தனை இருக்கும்போது அது கைவிரிப்பதில்லை. அழகிய வண்ணப் படமொன்றை வரைந்து தந்துவிடும்.

மென்னிழையத்தில் இது ஏன் இத்துணை பெரிதாகிறது என்பதற்கு அடுக்களையே சான்று. இழையத்திற் பெரும்பகுதி நீர். ஆதலால் அமுக்கினாலும் அதன் கனவளவு ஏறத்தாழ மாறாது. ஒருபுறம் அமுங்கினால் மறுபுறம் பிதுங்கியே தீரவேண்டும். வடைமாவை எண்ணெய் தடவிய வாழையிலையில் வைத்துத் தட்டினால் சுகமாக விரியும். எண்ணெயில்லாத இலையிலோ, இலையைத் தொட்ட மா அங்கேயே ஒட்டிக்கொள்ள, நடுப்பகுதி மட்டும் பக்கங்களில் வயிறு தள்ளும். கைக்குக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும். மா அதே மாதான்.

இக்கூடுதல் பலம் எவ்வளவு? ஜென்ற், லின்ட்லி என்னும் இருவர் 1959இல் இறப்பர்க் குற்றிகளுக்கு இதனைக் கணித்தும் பரிசோதித்தும் காட்டினர். 10 மில்லிமீற்றர் ஆரையும் 5 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள ஒரு வட்டை இரு தகடுகளுக்கிடையே சிறிதளவு அமுக்குவதாகக் கொள்வோம். தகடுகள் ஒப்பமானவையாயின், நாம் அளக்கும் விறைப்பு அப்பொருளின் இயல்பான யங்கின் மட்டாகும். தகடுகளில் அது முற்றாக ஒட்டியிருந்தால், அளக்கும் விறைப்பு அதன் மும்மடங்கு. தடிப்பை மாற்றாமல் ஆரையை 20 மில்லிமீற்றராக்கினால் ஒன்பது மடங்கு! ஆய்வுகூடத்தில் இழையத் துண்டொன்றைத் தகடுகளுக்கிடையே வைத்து அமுக்கி, 'இதன் மட்டு இவ்வளவு' என்று எழுதும் ஒருவர், தகட்டில் நெய்ப்பிட்டாரா இல்லையா என்று சொல்லாவிடின், அவர் தந்த எண்ணை நான் நம்புவதில்லை. அந்த எண்ணில் இழையம் எவ்வளவு, தகடு எவ்வளவு என்று எவரால் பிரிக்கமுடியும்?

இடியப்ப உரலின் கதை இன்னும் கடுமையானது. உரலின் அடியிற் கண்கள் உள்ளமையால் மா இறங்குகிறது. அக்கண்களை அடைத்துவிட்டுப் பிழிந்துபாருங்கள்! பக்கங்கள் யாவும் அடைபட்ட பொருளின் விறைப்பு, புவசோன் விகிதம் எனப்படும் எண்ணை மிக நுட்பமாகச் சார்ந்துவிடும். கனவளவே மாறாத பொருளுக்கு அந்த எண் 0.5. சரியாக 0.5 இட்டால் சாதாரணச் சூத்திரங்கள் வகுத்தலிற் பூச்சியத்தைச் சந்திக்குமாதலின், கணிப்போர் 0.45 என்றோ 0.49 என்றோ 0.499 என்றோ தத்தம் விருப்பப்படி இடுவர். பக்கங்கள் திறந்தும் தகடுகள் ஒப்பமாயும் இருந்தால் இம்மூன்றுக்கும் விறைப்பு ஒன்றே. பக்கங்களை அடைத்தாலோ, அது முறையே ஏறத்தாழ 3.8 மடங்கும், 17 மடங்கும், 167 மடங்கும் ஆகிவிடும். பக்கச்சுவரைக் காரணமின்றி 'அசையாதது' என்று எழுதிய கணிப்பாளன், தான் விளையாட்டாக இட்ட மூன்றாந் தசம தானத்தையே விடையாகப் பெறுகிறான். இழையத்தை எங்கே வெட்டுவது என்று ஐயுறும் மாணவர்க்கு நான் சொல்வது இதுதான்: வெட்டை இன்னுஞ் சிறிது தூரத்துக்கு நகர்த்திப் பார், விடை மாறினால் இன்னும் நகர்த்து. விடை அசையாது நிற்குமிடத்திலேயே கதியால் நடத் தகும்.

நிற்க. இவ்வளவும் எதற்காக என்று கேட்பீர்கள்.

முள்ளந்தண்டிற் காயமுற்று இடுப்பின்கீழ் உணர்விழந்த ஒருவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். நாமெல்லாம் ஓரிடத்தில் நெடுநேரம் இருந்தால், அறியாமலே சற்று அசைந்து இருப்பை மாற்றுவோம். நோவு நம்மை அசைக்கிறது. அவருக்கு நோவில்லை, ஆகையால் அசைவுமில்லை. உட்காரும்போது உடலைத் தாங்கும் இடுப்பெலும்பின் கீழ்முனைகள் இரண்டும், தமக்குக் கீழுள்ள தசையையும் கொழுப்பையும் மணிக்கணக்கில் நசுக்கிக்கொண்டிருக்கும். குருதியோட்டம் தடைப்பட்டு, உயிரணுக்கள் சிதைந்து, எலும்பருகிலேயே புண் தொடங்குவதுண்டு. தோலிற் சிவப்புத் தெரியும்போது உள்ளே ஒரு குழி ஆகியிருக்கும். பன்றிகளில் நிகழ்த்திய பரிசோதனைகளில், தோலைவிடத் தசை முந்திச் சேதமுறுவதை 1981இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இப்புண்ணில் நஞ்சேறி இறந்தோர் எத்தனையோ பேர். ஜேர்மனியிலிருந்து அகதியாக வந்த வைத்தியர் லுட்விக் குட்மன், 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவிலில் முள்ளந்தண்டு நிலையத்தைத் தொடங்கியபோது, இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை நோயாளரைப் புரட்டிவிடும் ஒழுங்கைக் கண்டிப்பாக நடத்தினார். மருந்தினும் அப்புரட்டலே பலரைக் காத்தது. ஆயினும் நாற்காலியில் இருப்பவரைப் புரட்டுவது யார்? அங்கே மெத்தையே காவல்.

எங்கள் வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்து, என்னிலும் நன்றாகப் பிரயோக கணிதஞ் செய்த நண்பன் ஒருவன், 2009இல் வன்னியில் எறிகணைச் சிதறலால் முள்ளந்தண்டிற் காயமுற்றான். இப்போது கிளிநொச்சியில் உயர்தர மாணவர்க்குக் கணிதம் கற்பிக்கிறான். பெயரைச் சொல்ல அவன் உடன்படவில்லை. சக வகுப்பினர்க்குத் தெரியும். இடப்பக்க முனையின்கீழ்ப் புண் வந்து ஆறி, மீண்டும் வந்து, நீண்டகாலம் வைத்தியசாலையிற் குப்புறக் கிடந்தவன். என் தொழில் என்னவென்று அவன் அறிந்த நாளிலிருந்து, எங்கள் தொலைபேசி உரையாடலில் அரசியலும் கிரிக்கெற்றும் குறைந்து கணக்கு மிகுந்துவிட்டது.

உட்கார்ந்திருப்பவரின் இழையத்தைக் கணிக்கும்போது எல்லை எங்கெங்கு வருகிறதென்று பாருங்கள். எலும்பு ஓரெல்லை. அது தசையோடு ஒட்டியதா, தசை அதன்மேல் வழுக்குமா? இதற்கு நெடுங்காலம் 'ஒட்டியது' என்றே எழுதிவந்தனர். எழுத எளிது என்பதே பெருங்காரணம். பின்னர், அமர்ந்த நிலையிலேயே எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் வசதி வந்தது. அமெரிக்காவின் அற்லாந்தா நகர ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட படங்களில், அமர்ந்திருப்போரின் எலும்புமுனைக்கு நேர்கீழே பெருந்தசை ஏறத்தாழ இல்லாமலே இருந்தது. இடுப்பு மடியும்போது அது பின்புறமாக விலகிவிடுகிறது. எஞ்சுவது கொழுப்பும் தோலுமே. படுத்த நிலையில் எடுத்த படத்தில் தசையை எலும்போடு ஒட்டிவைத்து அப்படியே கீழ்நோக்கி அமுக்கினால், அங்கில்லாத தசையை அமுக்கியவர் ஆவோம். இதற்கு முன்னரே, 2007இல் தெல் அவிவ் நகரில் கெஃபென் என்பாரின் குழுவினர், திறந்த எம்.ஆர்.ஐ. பொறியில் ஆட்களை அமரச்செய்து, எலும்பு எவ்வளவு கீழிறங்குகிறது என்பதைப் படத்திலேயே அளந்து, அந்த அளவை எல்லை நிபந்தனையாக இட்டனர். ஊகித்த எண்ணை இடாது அளந்த எண்ணை இட்டமையால், இத்துறையில் என் மனத்துக்கு உகந்த வேலை அதுவே.

தோலும் மெத்தையும் சந்திக்குமிடம் மற்றோரெல்லை. அங்கே உராய்வுக் குணகம் வேண்டும். நமது பழைய வினாத்தாள் போலப் பூச்சியம் என்று எழுதலாம். அல்லது முற்றாக ஒட்டியது எனலாம். உண்மை இடையில் உளது. அதுவும் காலநிலைக்கேற்ப மாறும். ஈரத்தோலில் உராய்வு மிகுதி. வட இங்கிலாந்தின் குளிரறையில் அளந்த குணகம், சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் வியர்த்திருக்கும் ஒருவனுக்குப் பொருந்தாது. இது சிறு விடயமன்று. பக்கவாட்டில் இழுபடும் விசை போதிய அளவு சேர்ந்துகொண்டால், குருதியோட்டத்தை நிறுத்தத் தேவையான அமுக்கம் ஏறத்தாழ அரைப்பங்காகிவிடும் என்று பெனற் என்பாரும் பிறரும் 1979இலேயே அளந்து காட்டியுள்ளனர்.

அமுக்கம் என்றதும் ஓர் எண் நினைவுக்கு வருகிறது. 32 மில்லிமீற்றர் இரசம். இதற்கு மேற்பட்ட அமுக்கம் ஆபத்து, இதற்குக் கீழ்ப்பட்டது நலம் என்று மெத்தை விற்போரின் துண்டுப்பிரசுரங்களில் நெடுங்காலம் அச்சிடப்பட்டு வந்தது. இந்த எண் எங்கிருந்து வந்தது? லண்டிஸ் என்னும் ஆய்வாளர் 1930இல், நலமுள்ளோரின் விரல்நகத்தின் அடித்தோலிலுள்ள நுண்குழாய்களில் மிக நுண்ணிய கருவியைச் செலுத்தி அளந்த சராசரி அது. அவர் அரும்பணி செய்தார். ஆனால் நகக்கண்ணில் அளந்ததைப் பிட்டத்துக்கு எல்லையாக்கியோர் வேறு ஆட்கள்.

இனி, விசையா பெயர்ச்சியா என்னும் வினா. இதனால் எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு நட்டமும் நேர்ந்தது; அதனையும் சொல்லிவிடுகிறேன். மெத்தை செய்யும் நிறுவனமொன்று (பெயர் வேண்டா) தன் புதிய மென்னுரை மெத்தையைப் பழையதோடு ஒப்பிட்டுக் கணித்துத் தருமாறு எங்களிடம் ஒப்படைத்தது. ஒரு மாணவியின் உபகாரப்பணமும் அதிலிருந்தே வந்தது. ஒப்பிடும்போது இரண்டு மெத்தைகளிலும் உடலை ஒரே ஆழத்துக்கு, 20 மில்லிமீற்றருக்கு, இறக்கிப் பார்க்குமாறு அவர்கள் எழுதியிருந்தனர். பார்வைக்கு நடுநிலையான ஏற்பாடு! ஆனால் சிந்தித்துப்பாருங்கள். இரு விற்சுருள்களை ஒரே தூரத்துக்கு அமுக்கினால், மென்மையான சுருளில் விசை குறைவாகவே இருக்கும்; அது சுருளின் வரைவிலக்கணமேயன்றி ஆய்வின் முடிபன்று. ஒரே ஆழம் என்று நிபந்தனையிட்ட கணத்திலேயே மென்மையான மெத்தை வென்றாயிற்று. மனிதரோ நாற்காலியில் ஆழத்தோடு அமர்வதில்லை; நிறையோடு அமர்கின்றனர். மெத்தை எத்தகையதாயினும் அவர்தம் நிறை குறையாது. நிறையை நிபந்தனையாக இட்டால், மிக மென்மையான உரை முழுவதும் நசுங்கி, எலும்புமுனை அடித்தளத்தையே தட்டிவிடுவதும் உண்டு.

அதே புரட்டு நோயாளரிடத்தும் நிகழும். உணர்விழந்த கால்களின் தசை நாளடைவில் மெலியும், கொழுப்பு ஊடுருவும். இழையம் அரைவாசி விறைப்பே உடையதாயின், ஒரே ஆழத்துக்கு அமுக்கும் கணிப்பில் தகைப்பு அரைவாசியாகி, 'இவருக்கு ஆபத்துக் குறைவு' என்னும் விடை வரும். ஒரே நிறையை ஏற்றும் கணிப்பில், இழையம் இருமடங்கு நசுங்குகிறது, ஆபத்து மிகுதி என்னும் விடை வரும். ஒரே மனிதர், ஒரே இழையம், ஒரே கணினி. எவர் புண்ணுக்கு ஆளாவார் என்னும் தீர்ப்பு, நிபந்தனைப் பட்டியலில் ஒரு வரியை மாற்றியதும் தலைகீழாகிவிடுகிறது. நிறையை ஏற்றிய கணிப்பையே நாங்கள் அறிக்கையாகக் கொடுத்தோம். ஒப்பந்தம் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை. மாணவியின் உபகாரப்பணத்துக்கு வேறிடந் தேடவேண்டியதாயிற்று. அந்த ஆறு மாதமும் அவள் மாலையில் ஒரு கடையில் வேலைசெய்தே படித்தாள். 'ஆழத்தையே கொடுத்திருக்கலாமோ?' என்று அவள் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இதனை நண்பனுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். அவன் சிரித்துவிட்டுச் சிறிதுநேரம் பேசாதிருந்தான். பின்பு கேட்டான்:

"அது சரி மச்சான், மெத்தையின்ரை அடிப்பக்கத்துக்கு என்ன நிபந்தனை குடுக்கிறனீங்கள்?"

ஆசிரியரின் கேள்வி! அடிப்பக்கத்துக்குத் தட்டையான, அசையாத தளம் என்றே எல்லோரும் இடுகின்றனர். மெத்தைகளைச் சோதிக்கும் கூடங்களிலும் அவற்றைத் தட்டையான தகட்டின் மீதே வைக்கின்றனர். அங்கே அந்நிபந்தனை உண்மை. ஆனால் மடிக்கத்தக்க சக்கர நாற்காலியில் மெத்தையின்கீழ் இருப்பது இரு குழாய்களுக்கிடையே இழுத்துக்கட்டிய சீலை. புதியதில் அது விறைப்பாயிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஏணைபோலத் தொய்ந்துவிடும். 2019இல் ஊருக்கு வந்தபோது, நான் கிளிநொச்சிக்குச் சென்றது பெரும்பாலும் அந்த அடிப்பக்கத்தைப் பார்ப்பதற்கே.

அவன் நாற்காலி பல ஆண்டு கண்டது. சீலை நடுவில் நன்றாகத் தொய்ந்திருந்தது. அத்தொய்வில் தொடைகள் இரண்டும் உட்புறமாகச் சாய, இடுப்பு ஒருபுறம் சரிந்து, உடலின் பாரத்திற் பெரும்பகுதி இடப்பக்க முனையிலேயே இறங்கியது. மெத்தை நல்ல மெத்தை. வெளிநாட்டுச் சங்கமொன்று கொடுத்தது. மெத்தைக்கு மேலே நாலாய் மடித்த துவாயொன்று. முற்றத்து மணலிலும் ஒழுங்கையின் கிடங்குகளிலும் நாற்காலி ஏறி இறங்குந்தோறும் உடல் சிறிது முன்னே வழுக்கும்; கைகளால் ஊன்றிப் பின்னே தள்ளிக்கொள்வான்; துவாயும் தோலோடு சேர்ந்து இழுபடும். ஒரு நாளில் இது எத்தனை முறை என்று அவனது மாணவன் ஒருவன் எனக்காகக் கொப்பியிற் கோடிட்டு எண்ணினான். ஒருநாட் காலைப்பொழுதுக்குள்ளேயே ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

நான் சீலையின் தொய்வை அடிமட்டத்தாலும் நூலாலும் அளந்தேன். அவன் என் கையிலிருந்த படத்தை வாங்கி, விசைகளைக் குறித்து, இரு முனைகளிலும் ஏறும் பாரத்தைத் தாளிலேயே தோராயமாகப் பிரித்துக் காட்டினான். அடுத்த வீதியிலிருந்த தச்சர் ஒட்டுப்பலகையொன்றைச் சீலையின் அகலத்துக்கு அறுத்து, குழாய்களில் அமருமாறு ஓரங்களிற் சட்டமடித்துத் தந்தார். இது நான் கண்டுபிடித்ததன்று. முள்ளந்தண்டு நிலையங்களில் நெடுநாளாக உள்ள வழக்கமே. பலகையின்மேல் மெத்தையை வைத்து அவனை அமர்த்தியபோது, இரு தோள்களும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அவனுடைய தாயார் அதனை முதலிற் கண்டு, "நேரா இருக்கிறான் பாருங்கோ தம்பி" என்றார்.

இங்கிலாந்துக்குத் திரும்பியபின், தட்டையான தளம், தொய்ந்த சீலை, பலகை என்னும் மூன்று அடித்தளங்களையும் இட்டு மாணவியும் நானும் கணித்தோம். தொய்ந்த சீலையின்மேல் இடப்பக்க முனையின்கீழ் விகாரம் மற்றப் பக்கத்திலும் வெகுவாக உயர்ந்திருந்தது. தட்டையான தளத்துக்கும் பலகைக்கும் வேறுபாடு சொற்பமே. உராய்வைப் பூச்சியத்திலிருந்து படிப்படியாக உயர்த்தியபோது, மேற்றோலிலும் கொழுப்பிலும் பக்கவாட்டு இழுவை மிகுந்தது. ஆழத்தில் எலும்பருகே மாற்றம் அவ்வளவாக இல்லை. கொழுப்புக்கும் தசைக்கும் இடையே எவ்வளவு வழுக்கல் என்பது மட்டும் இன்னுந் தீரவில்லை. இரண்டு எல்லைகளையும், முற்றாக ஒட்டியதென்றும் முற்றாக ஒப்பமானதென்றும், இட்டு இரு விடைகளையும் அருகருகே வெளியிடுகிறோம். மதிப்பீட்டாளர்கள் ஒரே விடையை விரும்புகின்றனர். இரண்டாகவே இருக்கட்டும் என்று நான் எழுதிவிடுகிறேன்.

நண்பனுக்குப் புண் மீண்டும் வரவில்லை. அதற்குப் பலகை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். இருபது நிமிடத்துக்கொருமுறை அவனது கைத்தொலைபேசி மணியடிக்கும். வகுப்பு நடுவிலாயினும் கைப்பிடிகளை ஊன்றி உடலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வான். அந்நேரத்துக்குள் மாணவர் ஒரு கணக்கை முடித்துவிடவேண்டுமென்பது அவ்வகுப்பின் சட்டம். துவாயை எடுத்துவிடுமாறு மட்டும் பலமுறை எழுதினேன். 'வெக்கைக்கு அது வேணும், உன்ரை கணக்கிலை அதையும் சேர்' என்று பதில் வந்தது. சென்ற மாதம் அதே துவாயில் ஒரு சாண் அளவு வெட்டித் தபாலில் அனுப்பியிருக்கிறான். அதனை உப்புநீரில் நனைத்து, வெவ்வேறு ஈரத்தில் உராய்வுக் குணகத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.